இடப்பக்கக் குழாய்

பதினொரு மணிக்கு அவர்கள் காலி செய்கிறார்கள்.
மூன்று மணிக்கு அடுத்தவர்கள்.
நடுவே நான்கு மணி நேரம்
இந்த வீடு மறுபடி என்னுடையது.

விரிப்பை உருவுகிறேன்.
தலையணையில் யாரோ ஒருத்தியின் சிவப்பு முடி.
குளிர்பெட்டியில் பாதி எலுமிச்சை,
குப்பியில் ஒயின் இரண்டு விரற்கடை.
மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி.
விதியைப் பாதி கடைப்பிடிப்பவள் நான்.

பத்தொன்பது வருஷம் இங்கே குடியிருந்தோம்,
நானும் அதேரிதோவும், பிறகு ரூயும்.
நிர்வாகத்துக்கு இது தெரியாது.
தெரிந்தால் மட்டும் சம்பளம் கூடிவிடுமா?
ஜன்னலோரம் மூன்றாவது பலகை முனகும்;
துடைக்க வரும் மற்ற பெண்கள் திடுக்கிடுவார்கள்.
நான் அதைத் தாண்டியே கால் வைக்கிறேன்,
தொட்டில் போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகும்.

வீட்டுக்காரர் மோத்தின்யோ நல்ல மனிதர்.
செத்துப்போனார்.
பிள்ளைகள் மூவர், மூவரும் லிஸ்பனில்.
கடிதம் ஒன்று, கையெழுத்து மூன்று, கெடு ஆறு மாதம்.
போர்ட்டோ வந்தாரை வாழவைக்கும் ஊர்.
இருந்தாரை
எர்மசிந்த் ரயிலில் ஏற்றிவிடும்.

மேசைமேல் விருந்தினர் நோட்டு.
என்னென்னவோ மொழியில் எழுதுகிறார்கள்.
படம் பிடித்து ரோட்டர்டாமுக்கு அனுப்பினால்
ரூய் வேலைக்கு நடுவே அர்த்தம் சொல்வான்:
"உலகத்திலேயே எங்களுக்குப் பிடித்த ஊர்."
"இங்கேயே இருந்துவிடலாம் போல."
"ஆற்றை விட்டுப் போக மனசில்லை."
ஒருத்தர் பாலம் வரைந்திருக்கிறார்,
ஆறு மேலே, பாலம் அதற்குக் கீழே.
கடற்காகம் மட்டும் அச்சு அசல். அதே திருட்டு முழி.

பிடிக்கத்தான் பிடிக்கும்.
நாலு நாள் யாருக்குத்தான் பிடிக்காது?
ஜூனில், சாவ் ஜுவாவ் இரவில்,
முன்பின் தெரியாதவர் மண்டையில்
பிளாஸ்டிக் சுத்தியலால் ஒரு போடு போடலாம்;
வாங்கியவர் சிரிப்பார். அப்படியொரு ஊர்.
ஜனவரியில் வந்து பாருங்கள்.
சுவரில் பூஞ்சை தேசப்படம் வரையும்.
துவைத்த சட்டை மூன்று நாள் காயாது.
நூற்றுப் பதினாறு படி, தோளில் எரிவாயு உருளை;
அதேரிதோவின் முழங்கால் அந்தப் படிகளில்தான் இருக்கிறது.

எர்மசிந்தில் லிஃப்ட் உண்டு.
காரியம் இல்லாமலே ஏறி இறங்குகிறார்.
ரொட்டிக்கடை செலெஸ்தி
இரண்டாம் நாளே என் பெயரைக் கேட்டாள்.
உண்மையைச் சொன்னால் அந்த ஊர் எனக்கும் பிடித்திருக்கிறது.
இங்கே அதைச் சொல்ல முடியாது,
பழைய தோழிகள் துரோகியைப் போல் பார்ப்பார்கள்.
அவர்களிலும் மிச்சம் இரண்டு பேர்தான்.

போன மாதம் ஒரு மழை நாளில்
வேலை சீக்கிரம் முடிந்தது. நோட்டைத் திறந்து எழுதினேன்:

"பத்தொன்பது வருஷம் தங்கினோம்.
வெந்நீர் இடப்பக்கக் குழாயில் வரும், நீலப் பொட்டை நம்பாதீர்கள்.
அறுபது வரை எண்ணுங்கள்.
திட்ட வேண்டாம், திட்டினால் இன்னும் தாமதிக்கும்.
பின்னறை ஜன்னலைச் சற்றுத் தூக்கிச் சாத்தவும்.
குழந்தை தூங்கும்போது மூன்றாம் பலகையை மிதிக்காதீர்கள்.
மூன்றரை நட்சத்திரம்.
தியோலிந்தா."

யாராவது பார்த்தால் வேலை போகும்.
கிழிக்கப் பார்த்தேன். தாள் கெட்டி.

இன்று அதன் கீழே பென்சிலில், கோணல் எழுத்தில்,
என் மொழியிலேயே, பிழைகளோடு:
"அறுபது இல்லை, எண்பது.
பலகையை நாங்கள் மிதிக்கவில்லை.
எங்கள் மகளுக்கு ஏழு மாதம்."

மணி இரண்டே முக்கால்.
குப்பியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
இடப்பக்கக் குழாயைத் திறந்து நிற்கிறேன்,
விரலை நீட்டி, உதட்டை அசைத்து.
எழுபத்தொன்பது.
சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள்.
கொதிகலனுக்கு வயதாகிவிட்டது,
நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும்.